சமூக மாற்றத்துக்காக உழைப்பவர் ஓய்ந்துவிடாமல் நீண்ட நாள் நிற்பது எப்படி?

இரண்டு வருடமாக ஊர்ப் பிரச்சினைகளுக்காக அலைகிறேன், இப்போது எதைத் தொட்டாலும் கை ஓடவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். ஆனால் இதே மாதிரி அலையவும் வேண்டாம்.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். பகலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மீதி நேரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு பி.எஃப்., பென்ஷன் மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாகிறது. ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவில் இன்னொரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு. முப்பது வருடம் இலை வெட்டியவளுக்கு 58 வயதில் வரவேண்டிய பென்ஷன் ஓர் எழுத்து மாறியதால் நின்றுபோகும். குறைந்தபட்ச பென்ஷன் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய்தான். அந்த ஆயிரம் இருந்தால் ஓர் ஆச்சி மாத்திரை வாங்க மகனிடம் கை நீட்ட வேண்டாம்.

முதல் மூன்று வருடம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தாலும் எடுப்பேன். திங்கள்தோறும் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு ஓடுவேன். நான்காம் வருடம் மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்தேன். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, யாருக்கு எந்தத் தேதி கெடு என்பதெல்லாம் என் தலைக்குள் மட்டும் இருந்தது. பக்கத்துத் தெரு ஆச்சி ஒருத்திக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டிருந்த மனுவுக்கு மழுப்பலாக ஒரு பதில் வந்திருக்கிறது. அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டிருக்க வேண்டும். யாரும் உறையைப் பிரிக்கவே இல்லை.

தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேல்முறையீட்டை ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. டாக்டர் சீட்டை வைத்து எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் அந்த மாதங்கள் அவள் கணக்கில்தான் போயின. மன்னிப்புக் கேட்கப் போனேன். சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நீ எந்திரிச்சி வந்திட்டியே பிள்ள, அது போதும்" என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். நான் உடம்பைக் கெடுத்துக்கொண்டு உழைத்ததால் அவளுக்கு ஒரு நன்மையும் நடக்கவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வார விடுமுறையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். வாங்கியும் காட்டினார்கள். தொழிலாளிக்கு ஓய்வு உரிமை என்று மேடையில் பேசுகிற நாம், நமக்கு மட்டும் அதைச் சுயநலம் என்று நினைக்கிறோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் மனு எழுதுவதில்லை. முதலில் சிலர் வருத்தப்பட்டார்கள், பிறகு சனிக்கிழமையே வரப் பழகிவிட்டார்கள்.

வேலையை எப்படிப் பிரித்துச் செய்வது என்பதை அம்மாவிடம் கற்றேன். ராத்திரியே இலையை நனைத்து வைப்பாள். காலையில் உட்கார்ந்து அவ்வளவையும் வெட்டி முடிப்பாள். அதற்குப் பிறகுதான் சுற்றத் தொடங்குவாள். வெட்டுவதும் சுற்றுவதுமாக மாறிமாறிச் செய்யமாட்டாள். "ஏளா, ஆயிரத்தை நெனச்சா கை வராது. இருபத்தஞ்சு சுத்து, ஒரு கட்டுப் போடு, அடுத்தத எடு" என்பாள். நானும் அப்படித்தான். வெள்ளி ராத்திரி நகல்கள், ரசீதுகள், தேதிகள் எல்லாம் அடுக்கி வைப்பேன். சனிக்கிழமை எழுதுவது மட்டும். எழுதும்போது போனைத் தொடுவதில்லை.

பெரிய மாற்றம் ஒரு நீள நோட்டில் வந்தது. யாருடைய மனு, எந்த அலுவலகம், ஒப்புகை எண், அடுத்த கெடு. முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள் என்று எண்ணி, தேதியைச் சிவப்பு மையில் எழுதுவோம். எழுதுவோம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பத்தாவது முடித்த மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். நோட்டு என் வீட்டில் இல்லை, பீடிக் கடைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சம்பளம் தருகிற அமைப்பு ஒன்று இல்லாவிட்டால் வேண்டாம் என்பேன். கடைச் சம்பளம் இருப்பதால்தான் ஒரு தடவை யாரோ நீட்டிய கவரை என்னால் தயங்காமல் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

துக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. வருடந்தோறும் அந்த நாளில் ஆற்றங்கரைக்குப் போவேன். மனு, நோட்டு எதுவும் கையில் இருக்காது. பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு, தெரிந்தவர்களோடும் தெரியாதவர்களோடும் சற்று நேரம் நிற்பேன். வேலைக்கு நடுவே அடக்கி வைத்த கோபமும் அழுகையும் அங்கே கொஞ்சம் இறங்கும். உங்கள் ஊரில் உங்களோடு அப்படி நிற்கக்கூடியவர்கள் யார் என்று தேடுங்கள். தனியாக இருந்து இதைத் தாங்க முடியாது.

போன மாதம் அம்பாசமுத்திரத்தில் சொந்தக்காரர் கல்யாணம். நான்கு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால், ஒரு மேல்முறையீட்டை 28-ஆம் நாளே அனுப்பி, தபால் ரசீதையும் ஒட்டியிருந்தாள் எங்கள் பிள்ளைகளில் சின்னவள். எனக்கு ஒருவரும் போன் செய்யவில்லை.