கரகரக்கும் லைன், தவழும் நெட்: கேள்வி பதில்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் மேசையிலும் வெளியே கம்பத்திலுமாக மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஃபைபர் எட்டாத தெருக்களில் இன்னும் செம்புக் கம்பியில்தான் நெட் ஓடுகிறது. "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. மோடத்தைக் கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். வேறு எண் என்றால் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும். டிஎஸ்எல் (டெலிபோன் கம்பி வழி நெட்) ஸ்டேட்டஸ் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் ரேட் (இறங்கும் வேகம்), எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் தெம்பு), அட்டனுவேஷன் (வழியில் சிக்னல் தேயும் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றோடு வாருங்கள்.

கேள்வி (கும்பகோணம்): ஐயா, 8 எம்பிபிஎஸ் பிளான். மோடத்தில் ரேட் 8000-க்கு மேல காட்டுது. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 1.5 தான். லைன்மேன் வந்து பார்த்துட்டு லைன்ல கோளாறே இல்லைன்னு போயிட்டார்.

பதில்: அவர் சொன்னது சரிதான் தம்பி. அந்த ரேட் (8000 கேபிபிஎஸ் என்றால் 8 எம்பிபிஎஸ்), உங்கள் மோடமும் எக்ஸ்சேஞ்சும் பேசிக்கொள்ளும் வேகம். அது நன்றாக இருந்தால் கம்பி நன்றாக இருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு வயரில் டெஸ்ட் போடுங்கள். வேகம் வந்துவிட்டால் குற்றம் வைஃபையில். வராவிட்டால் மாத டேட்டா அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் இல்லை, ராத்திரி 2 மணிக்குப் பறக்கிறது, சாயங்காலம் தவழ்கிறது என்றால் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் நெரிசல். கம்பம் ஏறுகிறவரைத் திட்டி அதற்குப் பிரயோஜனம் இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): மழை பெஞ்சாலே நெட் விட்டு விட்டு வருது சார். மார்ஜின் 4, சில நேரம் 3. மதியம் வெயில் அடிச்சா தானா சரியாயிடுது.

பதில்: வெயிலில் சரியாகிறது என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது. மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்துதான் வரும். 10-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு நம்பரை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். இப்போது காது கொடுங்கள். கிணற்றடி போல நிசப்தமாக இருக்க வேண்டும். வடைச்சட்டி மாதிரி பொரிந்தால் ஜாயின்ட் கெட்டிருக்கிறது. வீட்டிலுள்ள மற்ற வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் வந்து சேரும் ரோசெட் பெட்டியில் நேராக ஃபோனை மாட்டி மறுபடி கேளுங்கள். சத்தம் நின்றால் கோளாறு வீட்டுக்குள். ரோசெட்டைத் திறந்தும் பாருங்கள். ஸ்க்ரூவில் பச்சைக் களிம்பு, உள்ளே எறும்புப் புற்று, ஒரு வீட்டில் இரண்டு பல்லி முட்டை. களிம்பைச் சுரண்டி, கம்பி நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி முடுக்கினாலே எத்தனையோ லைன்கள் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. மழை, இடி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். மணி அடிக்கும்போதும் தொடாதீர்கள், சுள்ளென்று அடிக்கும்.

சத்தம் நிற்கவில்லையா, கோளாறு வெளியே. அப்போது "நெட் ஸ்லோ" என்று புகார் கொடுக்காதீர்கள். "ஃபோனில் இரைச்சல்" என்று கொடுங்கள். முதல் புகாருக்கு மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், இரண்டாவதுக்கு ஆள் வருவார். வருகிறவரிடம் டிபி பாக்ஸ் (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி), பில்லர் (தெருவோரம் நிற்கும் கேபிள் பெட்டி) இரண்டிலும் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் வேறு கம்பி ஜோடிக்கு (எங்கள் பாஷையில் "பேர்") மாற்றித் தரச் சொல்லுங்கள். கேபிளில் சும்மா கிடக்கும் ஜோடி ஒன்றிரண்டு பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி (தேனி): அண்ணே, இது என்ன மாயம்? ஃபோன் செத்துக் கிடக்கு, டயல் டோனே இல்ல. ஆனா நெட் மட்டும் ஆமை வேகத்துல வருது!

பதில்: ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்கும். பேச்சுக்கு இரண்டு கம்பியும் சேர்ந்து சுற்று முழுமையாக வேண்டும். நெட் சிக்னலோ அதிர்வெண் அதிகம் என்பதால் அறுந்த இடத்தையும் தாண்டி ஒழுகிப் போய்விடும். நெட் வருகிறதே என்று இருந்துவிடாமல் இன்றைக்கே புகார் கொடுங்கள்.

கேள்வி (அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம்): அட்டனுவேஷன் 58. பிளானை உயர்த்தினா வேகம் கூடுமா?

பதில்: கூடாது, காசுதான் போகும். கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று கணக்கு வைத்தால் உங்கள் லைன் 4 கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் போனால் 2 கிலோமீட்டர்தானே என்பீர்கள். கேபிள் ஊரைச் சுற்றித்தான் வரும். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் (செம்புக் கம்பி நெட்டில் ஒரு வகை) 24 எம்பிபிஎஸ் வரை தரும் என்பதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்காரருக்கு. மோடத்தில் மாடுலேஷன் என்ற இடத்தில் ஜி.டிஎம்டி (அதற்கு முந்தைய பழைய வகை) வைத்துப் பாருங்கள். வேகம் கூடாது, நீண்ட லைனில் சில சமயம் அறுபடாமல் நிற்கும்.

கேள்வி (கரூர்): மாடியில ஒரு ஃபோன், கீழே ஒரு ஃபோன், ஹாலில் மோடம். ஸ்பிளிட்டர் மோடத்துக்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஃபோன் பேசினா நெட் கட் ஆகுது.

பதில்: பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும், நெட் அதற்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டையும் பிரிப்பதுதான் ஸ்பிளிட்டர். லைன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஸ்பிளிட்டர். அதில் ஃபோன் துளையிலிருந்து எல்லா ஃபோன்களும், மோடம் துளையிலிருந்து மோடம் மட்டும். பயன்படாத பழைய எக்ஸ்டென்ஷன் வயர் எங்காவது தொங்கினால் வெட்டி எறியுங்கள். சிக்னல் அதற்குள் போய் முட்டித் திரும்பி வந்து குழப்பும். மோடத்தை வேறு அறைக்கு நகர்த்த டெலிபோன் வயரை நீட்டாதீர்கள், லேன் வயரை நீட்டுங்கள்.

கேள்வி (வேலூர்): தினமும் சாயங்காலம் ஆறரைக்கு டிஎஸ்எல் லைட் கண் சிமிட்ட ஆரம்பிக்குது சார். பத்து மணிக்கு மேல சரியாகுது. மழை வெயில் எதுவும் சம்பந்தமில்லை.

பதில்: கடிகாரம் பார்த்து வரும் கோளாறு என்றால் யாரோ ஏதோ ஒரு ஸ்விட்சைப் போடுகிறார்கள். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் காலை 7 மணியானால் ஊருக்கே நெட் படுத்துவிடும். 18 மாதம் இப்படியே போனது, கேபிளையும் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு வீட்டில் காலையில் போடும் பழைய டிவி கக்கிய மின் இரைச்சல்தான் காரணம் என்று 2020-இல் செய்தி வந்தது. நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது மட்டமான எல்இடி விளக்கின் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்), சார்ஜர், இன்வெர்ட்டர். ஒரு பேட்டரி ரேடியோவில் மீடியம் வேவ் வைத்து, நிலையம் ஏதும் எடுக்காத இடத்தில் நிறுத்தி, ஆறரைக்கு வீட்டைச் சுற்றி நடங்கள். இரைச்சல் எங்கே உறுமுகிறதோ அங்கே ஆள் இருக்கிறான்.

கேள்வி (சேலம்): மருமகள் மொபைல் வீட்டுக்கு வந்தாலே நெட் படுத்துடுதுங்க. சொன்னா குடும்பத்துல சண்டை வரும்.

பதில்: சண்டை வேண்டாம்மா, ஃபோட்டோ பேக்கப் ஓடுகிறது. இந்த லைனில் மேலே அனுப்பும் வேகம் 1 எம்பிபிஎஸ் தேறினாலே அதிகம். அது அடைத்துக்கொண்டால், "வந்து சேர்ந்தது" என்று உங்கள் கம்ப்யூட்டர் அனுப்ப வேண்டிய பதிலும் வரிசையில் நிற்கும், இறங்குவதும் நின்றுவிடும். பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): தெருவுக்கு ஃபைபர் வந்துடுச்சு. அப்பா காலத்து லேண்ட்லைன், விட மனசில்லை. மாறலாமா?

பதில்: மாறிவிடுங்கள், யோசிக்காதீர்கள். அதே நம்பரை ஃபைபரில் தர முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு பழைய லைனை ஒப்படையுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கிறது. செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வரும், அதனால் புயலில் ஊரே இருட்டானாலும் அப்பாவின் ஃபோன் அடித்தது. ஃபைபரில் வீட்டில் கரன்ட் போனால் ஃபோனும் போச்சு. மோடத்துக்கென்று ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.