பி.இ. பெரிதா, பி.டெக். பெரிதா?

கேள்வி: மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பி.இ., ஐ.டி. எடுத்தால் பி.டெக். என்கிறார்கள். பி.டெக்.தான் உயர்ந்தது என்று நாத்தனார் வீட்டில் அடித்துச் சொல்கிறார்கள். உண்மையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை அம்மா. இரண்டுமே நான்கு வருடப் படிப்பு, மதிப்பும் ஒன்றுதான். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பி.இ. என்றும் ஐ.டி., கெமிக்கல், டெக்ஸ்டைல் போன்றவற்றுக்கு பி.டெக். என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், ஐ.ஐ.டி.க்குப் போனால் அதே சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் பி.டெக். கொடுக்கிறார்கள், பிலானி பிட்ஸில் பொறியியல் என்றாலே பி.இ.தான். பிட்ஸில் படித்தவரை யாராவது ஒரு படி கீழே என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எம்.இ., எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது பட்டத்தை ஒட்டி வரும் பாடப்பிரிவின் பெயரை. அரசு வேலை அறிவிப்பில் குறிப்பிட்ட பிரிவைக் கேட்டிருந்தால், கிட்டத்தட்ட அதே பாடங்களை வேறு பெயரில் படித்தவர் 'என் பட்டம் இதற்கு இணையானது' என்று அரசாணை காட்ட வேண்டிவரும். உயர்கல்வித் துறை அப்படி அரசாணைகள் போடுகிறது, ஆனால் எல்லாப் புதுப் பெயருக்கும் போட்டிருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. தேர்வில் நல்ல மார்க் வாங்கிவிட்டு சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் தடுமாறும் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை. கவர்ச்சியான பெயராக இருந்தால் சேரும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், பட்டத்தை யார் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் போடும், தேர்வு நடத்தும், ஆனால் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே கொடுக்கும். 1956-ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களும் தவிர வேறு யாரும் பட்டம் வழங்க முடியாது.

கேள்வி: 2011-இல் எம்.ஃபில். முடித்தேன். இப்போது அந்தப் படிப்பையே எடுத்துவிட்டார்களாமே, என் பட்டம் செல்லாதா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: செல்லும், கவலையை விடுங்கள். எம்.ஃபில்.லை நிறுத்தியது 2022 நவம்பரில் யுஜிசி கொண்டுவந்த பிஎச்.டி. விதிமுறைகள். அதற்கு முன்பு தொடங்கிய எம்.ஃபில். படிப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று அதிலேயே இருக்கிறது. மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி இரண்டுக்கு மட்டும் 2025-26 வரை சேர்க்கையை நீட்டித்தார்கள். மற்ற பாடங்களில் 'எம்.ஃபில். சேர்க்கை நடைபெறுகிறது' என்று யாராவது விளம்பரம் கொடுத்தால், தெரிந்த பிள்ளைகளிடம் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.