‘டம்மி டக்’ சரியாக அமையவில்லை: மறு அறுவைக்கு இப்போதே ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. இரண்டு சிசேரியன்களுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றைச் சரிசெய்ய, ஏழு மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு தனியார் கிளினிக்கில் ‘டம்மி டக்’ செய்துகொண்டேன். மொத்தம் 2,40,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது 1,60,000 ரூபாய்க்குத்தான் தந்தார்கள். இப்போது தழும்பின் இரு முனைகளிலும் இடுப்பருகே சதை துருத்திக்கொண்டு நிற்கிறது. தொப்புள் இடப்பக்கம் சற்று விலகியிருக்கிறது. மேல்வயிறு இன்னும் புடைத்தே இருக்கிறது. தழும்பு சேலைக்கட்டுக்கு மேலே தெரிகிறது. கேட்டால், “மறுபடி செய்துவிடலாம், டாக்டர் ஃபீஸ் வேண்டாம், தியேட்டருக்கும் மயக்க மருந்துக்கும் 90,000 மட்டும் கட்டுங்கள், இந்த மாதமே வாருங்கள்” என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா? (ஈரோட்டு வாசகி)

பதில்: இந்த மாதமே வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளும் ஒரே ரகமல்ல. ஒன்று சின்ன வேலை, ஒன்று பொறுத்திருந்து முடிவு செய்ய வேண்டியது, ஒன்று கத்தியால் தீராததாகக்கூட இருக்கலாம். எல்லாவற்றையும் ‘மறுபடி செய்துவிடலாம்’ என்ற ஒரே பேச்சில் அடக்குகிறவரிடம், எந்தக் குறையை எந்த முறையில் சரிசெய்யப் போகிறார், அதற்கு எவ்வளவு ஆகும் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

முனைகளில் துருத்தும் சதையை மருத்துவர்கள் ‘டாக் இயர்’ என்பார்கள். நீளமான ஓரத்தைக் குட்டையான ஓரத்தோடு சேர்த்துத் தைத்தால் கடைசியில் துணி சுருங்கிக் குவியும் என்பது தையல்காரர் எவருக்கும் தெரியும். இந்த அறுவையிலும் மேலிருந்து இழுக்கும் தோலின் ஓரம் நீளம், கீழ் ஓரம் குட்டை. வீக்கம் வடியும்போது சில தானே தட்டையாகிவிடும். ஆறு மாதம் கடந்தும் நிற்பவை பெரும்பாலும் நிற்கத்தான் செய்யும். அவற்றை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டித் தைத்துவிடலாம். தழும்பு இருபுறமும் கொஞ்சம் நீளும், அவ்வளவே. இதற்கு முழு மயக்கம் வழக்கமாகத் தேவைப்படாது என்பதால், உங்களிடம் கேட்கும் 90,000 எதற்கு என்ற கேள்வி இங்கேயே எழுகிறது.

தொப்புளைப் பொறுத்தவரை, இந்த அறுவையில் அது தன் காம்போடு உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும். கீழே இழுத்த தோலில் புதிதாக ஒரு துளையிட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள். துளை தள்ளிப் போயிருந்தாலும் விலகும், உள்ளே தசையை ஒருபக்கம் அதிகமாக இழுத்துத் தைத்திருந்தாலும் விலகும். நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து அடிவயிற்றின் நடுப்புள்ளி வரை ஒரு நூலைப் பிடித்துப் படமெடுத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் விலகல் அறுவை செய்யாதவர்களுக்கும் உண்டு, அதற்காக மறுபடி கத்தி வைப்பது வீண். விலகல் அதிகமென்றால் இடம் மாற்றலாம். பழைய துளை இருந்த இடத்தில் புதிதாக ஒரு தழும்பு வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மேல்வயிறுதான் கவனிக்க வேண்டியது. இரு விரல்களால் கிள்ளிப் பாருங்கள். தடித்த மடிப்பாகப் பிடிபட்டால் அது தோலுக்கடியில் விடப்பட்ட கொழுப்பு. இழுத்த தோலுக்கு இரத்த ஓட்டம் கெடக்கூடாது என்பதற்காக, முதல் அறுவையில் அந்தப் பகுதியை மருத்துவர்கள் அதிகம் குறைக்காமல் விடுவதுண்டு. அதைப் பிறகு, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் மூலம் குறைக்கலாம். மெல்லிய மடிப்பே கைக்கு வந்து, வயிறு உருண்டையாகத் திண்ணென்று இருந்தால், கொழுப்பு குடலைச் சுற்றி இருக்கிறது என்று பொருள். அதை எந்த அழகு அறுவையும் எடுக்காது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது நடுவில் நீளவாக்கில் மேடு எழுந்தால், தைத்த தசை விலகியிருக்கலாம், அல்லது குடலிறக்கமாக இருக்கலாம். தட்டினால் தண்ணீர்ப் பைபோல் அலைந்தால் நீர் கோத்திருக்கலாம். ஆரம்ப வாரங்களில் ஊசியால் எடுத்துவிடக்கூடிய அந்த நீர், மாதக்கணக்கில் தங்கினால் சுற்றிலும் ஓர் உறை பிடித்துவிடும், பிறகு உறையோடு அகற்ற வேண்டிவரும். வீட்டுச் சோதனை மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்க உதவும். முடிவை ஸ்கேன் சொல்லட்டும். ஸ்கேன் எதுவும் எடுக்காமல் இந்தப் புடைப்புக்கு மறு அறுவைத் தேதி குறிப்பவரை நான் நம்பமாட்டேன்.

தழும்பு முதிர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். தடித்திருந்தால் இப்போதைக்கு சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட், தேவைப்பட்டால் சில வார இடைவெளியில் தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கீலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வரும் வாய்ப்பு அதிகம். அதை வெறுமனே வெட்டியெடுத்தால் முன்னைவிடப் பெரிதாகத் திரும்ப வளர்வதுண்டு. தழும்பைக் கீழே இறக்க வேண்டுமானால் மேலே தளர்ந்த தோல் மீதமிருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பலருக்கு அது இருப்பதில்லை. இறுக்கி இழுத்துத் தைத்தால் தழும்பு அகன்று போகும். ஓராண்டு கழித்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போன உணர்வும் மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடுவதும் உண்டு; மறு அறுவை அதைத் தீர்க்காது. காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

உடம்பு ஓராண்டு பொறுக்கச் சொல்கிறது. சட்டமோ இரண்டே ஆண்டு தருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். அறுவை நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்கு இன்னும் 17 மாதங்கள் உள்ளன. ஐந்து மாதம் காத்திருந்தாலும் ஓராண்டு மிஞ்சும். “சரிசெய்து தருகிறோம்” என்று கிளினிக் வாய்மொழியாக இழுத்தடிக்கும் காலத்திலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனவே காகிதங்களை இப்போதே சேருங்கள். அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி, முன்பின் படங்கள் ஆகியவற்றின் நகலைக் கேட்டு, ஒப்படைத்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அழகு அறுவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இல்லை என்பதால், ரசீது இல்லாத 80,000 ரூபாயைப் பற்றிப் பேச அவர்களுக்கே தயக்கம் இருக்கும். நீங்கள் வங்கியில் பணம் எடுத்த பதிவையும், வாட்ஸ்அப்பில் தொகை பேசிய செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்து, இந்தக் கிளினிக்கோடு தொடர்பில்லாத, எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்த ஒருவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள இடமானால் புறநோயாளர் சீட்டோடு காட்டலாம். பலகையில் ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்றிருப்பது அறுவைத் தகுதி அல்ல. உங்களுக்கு அறுவை செய்தவரின் பெயரையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவில் தேடிப் பாருங்கள்.

வழக்கில் வெல்வீர்களா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன்: ‘நினைத்தபடி அழகாக வரவில்லை’ என்பது மட்டும் போதாது. கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் மோசமான விளைவெல்லாம் கவனக்குறைவு ஆகாது என்பதும் அதே நீதிமன்றத்தின் நிலைதான். தகுதியில்லாதவர் அறுவை செய்தது, குடலிறக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது, தழும்பு எங்கே வரும் என்று சொல்லாமலே கையெழுத்து வாங்கியது, விளம்பரத்தில் உறுதியளித்ததைச் செய்யாதது, முழுத் தொகைக்கு ரசீது தராதது ஆகியவை நிற்கக்கூடிய வாதங்கள். அறுவை கோவையில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். சிகிச்சைக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டியவர்களுக்கு மனுக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில இடங்களில் அதற்கே இறங்கிவருவார்கள்.

கிளினிக் பாதிப் பணம் தர முன்வந்தாலோ, இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னாலோ, நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். ‘டாக் இயர்’ மட்டும்தான் என்றால், செலவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு முதலில் அறுவை செய்தவரிடமே செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேல்வயிற்றையும் தழும்பையும் வேறொருவர் பார்க்கட்டும்.

கேள்வி: இப்படிப்பட்ட திருத்த அறுவைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: பொதுவாகக் கிடைக்காது. பாலிசிகளில் ‘எக்ஸ்க்ளூஷன்’ பட்டியலில் எட்டாம் குறியீட்டில் அழகு அறுவை விலக்கப்பட்டிருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போன்றவற்றுக்கே விதிவிலக்கு. ஸ்கேனில் குடலிறக்கம் உறுதியானால் அது அழகு விஷயமல்ல, நோய். ஆனால் முந்தைய அறுவையால் வந்தது என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள் என்பதால், ஸ்கேன் அறிக்கையை இணைத்து, அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.