மரச்சீனியில் நீலக்கோடு, மட்டிக்குலைக்குப் புகை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பறித்த மூன்றாம் நாளே மரச்சீனிக்குள் (மரவள்ளிக்கிழங்கு) நீலக்கோடு ஓடுகிறது. வெளியே அழுகல் இல்லையே? (மார்த்தாண்டம்)

இது அழுகல் இல்லை. கிழங்குக்கு மூச்சு முட்டியதன் தடம். பிடுங்கும்போது முறிகிற இடத்தில் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த, சயனைடை உள்ளடக்கிய லினமாரின் என்ற பொருளும் அதைப் பிளக்கும் நொதியும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு ஆவி கிளம்புகிறது. செல் மூச்சு விடும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைப்பது ஒரு நொதி. சயனைடு அதை அடைத்துவிடும். போக வழியில்லாத எலக்ட்ரான்கள் நடுவழியிலேயே ஆக்சிஜனோடு ஒட்டி, கண்டதையெல்லாம் அரிக்கும் வேதிப்பொருளாக மாறுகின்றன. அதில் மாட்டிய ஸ்கோபோலெட்டின் என்ற கிழங்குப் பொருள் நிறம் மாறுவதுதான் நீங்கள் பார்த்த கோடு. சயனைடுக்கு மசியாத பக்கவழி நொதி ஒன்றும் உண்டு, பெயர் மாற்று ஆக்சிடேஸ். மரபணு மாற்றி அதைக் கூட்டிய மரச்சீனியில் கோடு விழுவது தள்ளிப்போனது.

நமக்கு மரபணு எதற்கு? கிழங்கைக் காயப்படுத்தாமல், தண்டு கொஞ்சம் விட்டு வெட்டி, ஈர மணலில் புதைத்து வையுங்கள். அப்புறம், சயனைடு போக, திறந்து அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மட்டி வாழைக்குலை பழுக்கப் புகையா, கார்பைடா? (வடசேரி)

கார்பைடு வேண்டவே வேண்டாம், சட்டப்படியே தடை. அதிலிருந்து கிளம்பும் அசெட்டிலீன், காயைப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீன் மாதிரி நடிக்கும். ஆனால் ஆர்சனிக்கும் பாஸ்பீனும் கூடவே வரும். பாஸ்பீன், மேலே சயனைடு அடைத்த அதே நொதியைத் தாக்கக்கூடியது. தாத்தா காலப் புகையில் வேலை செய்ததும் எத்திலீன்தான். இன்று பழுக்கவைக்கும் அறையில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை எத்திலீன் விட அனுமதி உண்டு. பழுக்கும் குலை வேகமாக மூச்சு விடும், சூடாகும். கரியமில வாயு தேங்கினால் எத்திலீன் மந்தமாகிவிடும். அவ்வப்போது கதவைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கைப் பழத்தோடு வைக்கலாமா? (குளச்சல்)

கூடாது. எத்திலீன் பட்டால் கிழங்கின் மூச்சு எகிறும், சேர்த்த மாவுச்சத்து கரையும்.

கேள்வி: சேனைப் பூ தொட்டால் சுடுகிறதே? (தக்கலை)

சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் இதுவும் மரச்சீனியில் சொன்ன அந்தப் பக்கவழி நொதியின் வேலைதான். அதில் போகும் எலக்ட்ரானின் ஆற்றல் பெரும்பாலும் சேமிப்பாகாமல் சூடாகப் போய்விடும். சேனை இதை வேண்டுமென்றே செய்கிறது: சூட்டில் பிண நாற்றம் நன்றாகக் கிளம்பி வண்டுகளை இழுக்கும். ஒரு ராத்திரி, மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் தொட்டுப் பாருங்கள்.