லாக்டேட் புற்றுநோய்க்குத் தீனி என்றால் நடைப்பயிற்சியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடக்கிறது. தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். ஆனால் உடற்பயிற்சியால் தசையில் லாக்டேட் கூடும், புற்றுநோய் செல்கள் அதைத் தின்று வளரும் என்று படித்தேன். நடையை நிறுத்திவிடலாமா? சர்க்கரையையும் அடியோடு விலக்க வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. பயப்பட வைப்பது மீதிப் பாதி.

புற்றுநோய் செல்களில் பல, ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸை முழுவதுமாக எரிப்பதில்லை. பாதியில் லாக்டேட்டாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டறிந்தார். ஓய்வில் இருப்பவரின் ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல். கட்டிக்குள் அது 10, 20 என்று உயர்ந்து, சிலவற்றில் 40ஐயும் தொடுகிறது. அவ்வளவையும் பெரும்பாலும் கட்டியே உற்பத்தி செய்துகொள்கிறது. அப்பாவின் கால் தசை அனுப்பிவைப்பது அல்ல.

லாக்டேட்டோடு அமிலமும் வெளியேறுவதால் கட்டியைச் சுற்றி அமிலம் மிகும். அந்த அமிலச் சூழலில் புற்றுநோய் செல்கள் பிழைக்கும் விதம்தான் வியப்பு. ரத்தக்குழாயிலிருந்து தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. குளுக்கோஸை மட்டுமே நம்பியிருக்கும் அது, எம்சிடி4 என்ற புரதத்தின் வழியே லாக்டேட்டையும் அமிலத்தையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. குழாயை ஒட்டியிருக்கும் செல், எம்சிடி1 என்ற இன்னொரு புரதத்தால் அதே லாக்டேட்டை உள்ளிழுத்து, பைருவேட் என்ற பொருளாக மாற்றி, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கிறது. அது தொடாமல் விட்ட குளுக்கோஸ் உள்ளே இருக்கும் செல்லுக்குப் போய்ச் சேர்கிறது. 2008இல் எலிகளில் எம்சிடி1ஐத் தடுத்துப் பார்த்தார்கள். குழாயை ஒட்டிய செல்கள் குளுக்கோஸுக்குத் திரும்பின. உள்ளே தள்ளியிருந்த செல்கள் பட்டினியால் மடிந்தன.

லாக்டேட் எரிபொருள் மட்டுமல்ல. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அது ஒட்டிக்கொண்டு மரபணுக்களைத் தூண்டிவிடும் என்பது 2019இல் தெரியவந்தது. கட்டியைத் தாக்க வரும் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களும் இந்தச் சூழலில் சோர்ந்துபோகின்றன. வெளியே லாக்டேட் மண்டியிருந்தால் அவற்றால் தங்களுடைய லாக்டேட்டை வெளியேற்ற முடிவதில்லை.

இனி நடைக்கு வருவோம். இயல்பான வேகத்தில் நடந்தால் ரத்த லாக்டேட் ஓய்வு அளவைத் தாண்டுவதே அரிது. மூச்சிரைக்க ஓடினால் பல மடங்கு ஏறும். ஆனால் இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் அதை எடுத்துக்கொள்வதால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்த குழுவில், ஐந்து ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம். கையேடு மட்டும் பெற்ற குழுவில் 74. உடற்பயிற்சி லாக்டேட் கட்டியை வளர்க்கும் என்றால் இந்த முடிவு வந்திருக்காது.

சர்க்கரையை அடியோடு விலக்கியும் கட்டியைப் பட்டினி போட முடியாது. சாப்பிடாவிட்டால் கல்லீரல் லாக்டேட்டிலிருந்தும் தசைப் புரதத்திலிருந்தும் குளுக்கோஸ் தயாரித்துவிடும். லாக்டேட்டை எரிக்கப் பழகிய செல்லுக்கு மாற்று வழியும் இருக்கிறது. மெலிந்துபோவது அப்பாதான். இனிப்புப் பானங்களைக் குறையுங்கள். நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு தேவை. கீமோ நாட்களில் எடையும் தசையும் குறையாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

கார நீர் குடித்தால் கட்டியின் அமிலம் முறியும் என்று விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ரத்தத்தின் அமிலநிலையை நுரையீரலும் சிறுநீரகமும் இறுக்கமாகக் காக்கின்றன. குடிக்கும் நீர் அதை மாற்றாது. நோயாளியின் பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரம் எனக்குக் கோபமூட்டுகிறது.

காய்ச்சல், புதிதாக மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தால் அன்று நடக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். குறிப்பாகக் கீமோ நடக்கும்போது காய்ச்சலை மறுநாள் வரை தள்ளிப்போடக் கூடாது. ஹீமோகுளோபினோ, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ மிகவும் குறைந்திருந்தால் எவ்வளவு நடக்கலாம் என்பதை ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டி டாக்டரிடமே கேளுங்கள்.