யார்க் நகரம்: போகிறவர்கள் கேட்டதும் என் பதில்களும்

இங்கிலாந்தில் உள்ள யார்க்கில் பல வருடங்களாக இருக்கிறேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று யார் வந்தாலும் ஊரைச் சுற்றிக் காட்டும் வேலை என்னுடையதுதான். இன்றுவரை அது எனக்குச் சலித்ததில்லை. விடுமுறைக்கு இங்கே வர நினைப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் திறக்கும் நேரமும் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, லண்டனிலிருந்து காலையில் கிளம்பி இரவு திரும்பிவிட முடியுமா? எதையெல்லாம் பார்க்கலாம்?

முடியும். கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் விலை எகிறிவிடும். ஒரு நாளுக்கு மூன்று இடம் போதும்: காலையில் மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயம், மதியம் கோட்டைச் சுவர்மேல் நடை, அப்புறம் ரயில்வே மியூசியம். அது ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் திரும்பும் ரயிலைப் பிடிக்கவும் வசதி. பத்து இடத்து வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அப்படிப் போகாதீர்கள்.

மின்ஸ்டருக்கு நாலு பேர் டிக்கெட் எடுத்தால் பெரிய தொகை ஆகிறது. வெளியிலிருந்து பார்த்தால் போதாதா? எல்லா சர்ச்சும் உள்ளே ஒரே மாதிரிதானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வேறு எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

இப்போதுள்ள மின்ஸ்டரைக் கட்ட ஆரம்பித்தது 1220 வாக்கில், முடித்தது 1472இல். இரண்டரை நூற்றாண்டு வேலை. அதைவிட முக்கியம் கண்ணாடி. உள்ளே போனதும் நேராகக் கிழக்குக் கோடிக்கு நடங்கள். அங்கே கிட்டத்தட்ட ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஒரு ஜன்னல் நிற்கும். கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞருக்கு 1405இல் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மூன்றே வருடத்தில் முடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1408இல் முடித்துவிட்டார். கூலி மொத்தம் 56 பவுண்டு.

உச்சியில் கடவுள் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். 'ஆதியும் அந்தமும் நானே' என்பது அதில் லத்தீனில் எழுதியிருக்கும் வாசகம். அதற்குக் கீழே உலகம் படைக்கப்பட்ட கதை, அதற்கும் கீழே உலகம் முடிகிற கதை. ஏழு தலை மிருகம், எக்காளம் ஊதும் தேவதைகள் எல்லாம் வரிசையாக வரும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களும் அண்ணாந்து பார்த்தே கதையைத் தெரிந்துகொண்டார்கள் என்பார்கள். 2008இல் தொடங்கி பத்து வருடம் 311 கண்ணாடிப் பலகைகளையும் கழற்றிச் சீர்செய்து, 2018இல் வேலையை முடித்தார்கள். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள். முகத்தில் ஓவியன் இழுத்த கோடுகூடத் தெரியும்.

அடுத்து தெற்குச் சிறகு. 1984 ஜூலை 9 அதிகாலையில் அங்கே தீப்பிடித்தது. மின்னல்தான் காரணமாக இருக்கும் என்று சொல்கிறார்கள். தீ கட்டடம் முழுக்கப் பரவாமல் இருக்க, தீயணைப்புக்காரர்களே தண்ணீரைப் பீய்ச்சி எரியும் கூரையை உள்ளே விழவைத்தார்கள். அங்கிருந்த ரோஜா ஜன்னலின் கண்ணாடி சூட்டில் சுமார் 40,000 துண்டாக விரிசல் விட்டது. ஆனாலும் விழவில்லை. தீ விபத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பே, கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப்பட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், அதுதான் பிடித்து நிறுத்தியது. கூரையை மறுபடி கட்டியபோது, மேலே பதிக்கும் செதுக்குச் சிற்பங்களில் சிலவற்றை வடிவமைக்கத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்குப் போட்டி வைத்தார்கள். அதனால்தான் அந்தப் பழைய கட்டடத்தின் கூரையில் நிலவில் மனிதன் கால் வைத்த காட்சி இருக்கிறது. பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

வடக்குப் பக்கம் 'ஐந்து சகோதரிகள்' என்ற ஐந்து நெடிய ஜன்னல்கள். படமே கிடையாது, சாம்பலும் பச்சையும் கலந்த கண்ணாடி மட்டும். முதல் உலகப் போரில் உயிரிழந்த பெண்களுக்கு 1925இல் அதை நினைவுச் சின்னமாக்கினார்கள். பக்கத்து மரப்பலகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. போர் நினைவிடத்தில் இத்தனை பெண்களின் பெயரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நர்சுகள், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், எல்லாரும் அதில் உண்டு.

டிக்கெட்டிலேயே கீழ்த்தளமும் சேர்ந்ததுதான். 1967இல் நடுக்கோபுரத்தின் அஸ்திவாரம் ஆட்டம் கண்டது தெரியவந்து, தோண்டிப் பலப்படுத்தும்போது ரோமானியப் படைத் தலைமையகத்தின் மிச்சங்கள் வெளியே வந்தன. 306இல் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசனாக அறிவித்தது இந்த ஊரில்தான். அவருடைய சிலை வெளியே தெற்கு வாசல் பக்கம் இருக்கிறது.

நிஜமாகவே காசு இடிக்கிறது என்றால் மாலை வழிபாட்டுக்குப் போங்கள். பெரும்பாலான நாட்களில் ஐந்தரை மணி வாக்கில் இருக்கும், அனுமதி இலவசம். எந்த மதத்துக்காரரும் போய் உட்காரலாம். சுற்றிப் பார்க்க முடியாது, ஆனால் பாடகர் குழுவின் குரல் அந்தக் கூரைக்கு ஏறி இறங்குவதைக் கேட்கலாம்.

கோபுரத்தில் ஏறலாமா?

முழங்கால் ஒத்துழைத்தால் ஏறலாம். 275 படி, ஒடுங்கிய சுழல் படிக்கட்டு, பாதியில் மனம் மாறினாலும் சட்டென்று திரும்ப முடியாது. சின்னக் குழந்தைகளை விடமாட்டார்கள்.

ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு வாண்டுகள். சர்ச், சுவர் என்று சொன்னாலே அழுவார்கள். என்ன செய்யலாம் அக்கா?

நேராக யோர்விக் வைகிங் மையம். வைகிங் என்றால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகள். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது, பத்தாம் நூற்றாண்டு வைகிங் குடியிருப்பே மண்ணுக்குள் இருந்தது. ஈர மண்ணில் காற்று புகாததால் மரம், தோல், துணிகூட மக்கவில்லை. அதே இடத்தில் 1984இல் மையத்தைத் திறந்தார்கள். சின்ன வண்டியில் உட்கார்ந்து அந்தக் காலத் தெருவுக்குள் போவீர்கள். மீன், புகை, கழிப்பறை நாற்றம்வரை வைத்திருக்கிறார்கள்! பிள்ளைகள் அதிகம் பேசப்போவது, ஒரு வைகிங் ஆள் விட்டுப்போன, கல்லாகிப்போன மலத்தைப் பற்றித்தான். அதையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அங்கே இருக்கும் ஒற்றைக் கம்பளிக் காலுறை. ஒரே ஊசியால் முடிச்சு முடிச்சாகப் பின்னியது, ஆயிரம் வருடம் தாண்டியும் குதிகால் வளைவு அப்படியே இருக்கிறது.

அப்புறம் ரயில்வே மியூசியம். அனுமதி இலவசம், அரை நாள் ஓடிவிடும். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி, நீராவி ரயிலில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை வைத்திருக்கும் மாலார்ட் எஞ்சின் அங்கேதான். ஜப்பான் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரவும் முடியும்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. ரொம்ப நடக்க முடியாது.

நடு ஊருக்குள் பகல் நேரத்தில் பெரும்பாலும் வண்டிகளை விடுவதில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் தெருவெல்லாம் கல் பாவியது, நல்ல செருப்பு அவசியம். கோட்டைச் சுவரை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். படி உயரம், சில இடத்தில் ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது. மின்ஸ்டருக்குள் உட்கார நிறைய இடம் இருக்கிறது. பிறகு மியூசியம் தோட்டம். செயின்ட் மேரி மடத்தின் இடிந்த சுவர்களுக்கு நடுவே புல்வெளி, பெஞ்சுகள், அணில்கள். கட்டணம் இல்லை. அங்கிருந்து ஊஸ் நதிப் படகில் ஒரு சவாரி. போதும், அவர்களை இன்னொரு இடத்துக்கு இழுக்காதீர்கள்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஷாம்பிள்ஸ் தெருவில் ஒரு புனிதையின் சின்ன ஆலயம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மைதான். ஷாம்பிள்ஸ் கசாப்புக்காரர்களின் தெரு. மரச்சட்ட வீடுகளின் மாடிகள் எதிரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும். இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகளை இன்றும் பார்க்கலாம். ஒரு கசாப்புக்காரரின் மனைவிதான் மார்கரெட் கிளித்தரோ. கத்தோலிக்கக் குருமார்களை ஒளித்து வைத்ததாகக் குற்றம் சாட்டினார்கள். வழக்கில் பதில் சொல்ல மறுத்ததால் 1586 மார்ச் 25 அன்று அவரைக் கதவுக்கு அடியில் கிடத்தி, மேலே பாரத்தை ஏற்றிக் கொன்றார்கள். 1970இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆலயத்தில் சில பேர்தான் உட்கார முடியும். ஒன்பது மணிக்கு முன்பே ஷாம்பிள்ஸுக்குப் போங்கள். பதினொரு மணிக்கு மேல் ஆள் தலைதான் தெரியும்.

அவருடைய கை, 'பார் கான்வென்ட்' என்ற கன்னியர் மடத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1686இல் தொடங்கிய மடம், இன்றும் கன்னியர்கள் வாழ்கிறார்கள். லொரேட்டோ சபையைத் தொடங்கிய தெரசா பால் பயிற்சி பெற்றதும் இங்கேதான். அன்னை தெரசா முதலில் சேர்ந்தது அந்தச் சபையில். கூட்டமே இல்லாத இடம், அவசியம் போய் வாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ஒரு எச்சரிக்கை. யார்க்ஷயரில் பல மீன் கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். 'சிப்ஸ் மட்டும்தானே' என்று வாங்கிவிடாதீர்கள், எதில் பொரித்தது என்று கேளுங்கள். யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு, அதையும் கொழுப்பில் சுடுவது வழக்கம். முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் பெட்டீஸ் டீக்கடையில் வரிசையில் நிற்கலாம். காலையில் திறந்தவுடன் போனால் வரிசை சின்னது. பழக்கேக்கோடு வென்ஸ்லிடேல் சீஸ் துண்டு வைத்துச் சாப்பிடுவது இந்தப் பக்கத்துப் பழக்கம். கேட்க விசித்திரமாக இருக்கும், ருசி பொருந்திவிடும்.

கிட்கேட் யார்க்கில் பிறந்தது என்கிறார்களே?

ஆமாம், ரவுன்ட்ரீ நிறுவனம் 1935இல் வேறு பெயரில் கொண்டுவந்தது, 1937இல் கிட்கேட் ஆனது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. 1725இல் மேரி டியூக் என்ற பெண் இங்கே மளிகைக் கடை போட்டார். வணிகர் சங்கம் அனுமதி கொடுக்காமல் அபராதம்மேல் அபராதம் போட்டது. அவர் கடையை மூடவில்லை. கடைசியில் சங்கம்தான் இறங்கிவந்தது. அந்தக் குடும்பத்தின் கோகோ வியாபாரத்தைத்தான் 1862இல் ரவுன்ட்ரீ வாங்கியது. அபராதம் போட்ட சங்கத்தின் மண்டபம் 1357இல் கட்டத் தொடங்கியது, இன்றும் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். மரக்கூரை பிரமாதம்.

கிளிஃபோர்ட்ஸ் டவர் குட்டியாகத்தானே இருக்கிறது? டிக்கெட் வாங்கலாமா?

போங்கள், ஆனால் அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டு போங்கள். 1190 மார்ச்சில், இதே மேட்டில் அப்போது இருந்த மரக் கோபுரத்தில் யார்க்கின் யூதர்கள், சுமார் 150 பேர், கலவரக் கும்பலுக்குப் பயந்து ஒளிந்தார்கள். சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று பலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்று நம்பி வெளியே வந்தவர்களைக் கும்பல் வெட்டியது. பிறகு யூதர்களிடம் வாங்கிய கடன் பத்திரங்களை மின்ஸ்டருக்குள் போட்டுக் கொளுத்தினார்கள். கொலைக்கு என்ன காரணம் என்று அதிலேயே தெரிகிறது. மேட்டின் அடியில் நினைவுப் பலகை இருக்கிறது, படியேறும் முன் நின்று படியுங்கள். இப்போதுள்ள கல் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2022 முதல் உச்சியில் தளம் போட்டிருக்கிறார்கள், ஊர் முழுக்கத் தெரியும்.

செலவில்லாமல் வேறு என்ன செய்யலாம்? எந்த மாதம் நல்லது?

சுவர்நடைதான். மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர். முழுதும் முடியாவிட்டால் பூதம் பாரில் ஏறி மங்க் பாரில் இறங்குங்கள் (இந்த ஊரில் 'பார்' என்றால் கோட்டை வாசல்), மின்ஸ்டரின் பின்பக்கத்தை அவ்வளவு கிட்டத்தில் வேறெங்கிருந்தும் பார்க்க முடியாது. பனி உறைந்தால் மூடிவிடுவார்கள். எக்சிபிஷன் சதுக்கத்திலிருந்து தன்னார்வ வழிகாட்டிகள் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், 1951 முதல் இலவசமாக. காசு கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். குட்ராம்கேட்டில் ஒரு சந்துக்குள் ஹோலி டிரினிட்டி என்ற சின்ன சர்ச். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவு வைத்த மரப்பெட்டி போன்ற இருக்கைகள், தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்லது. பிப்ரவரி விடுமுறையில் வைகிங் விழா, பிள்ளைகள் இருந்தால் குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்கு வருவதென்றால் வார நாளில் வாருங்கள். குதிரைப் பந்தயம் நடக்கும் சனிக்கிழமைகளில் ரயிலிலும் ஹோட்டலிலும் இடம் கிடைப்பது கஷ்டம், தேதி பார்த்து பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் ஊஸ் நதி கரை தாண்டுவது வழக்கம், அதனால் ஆற்றோர அறை எடுக்கும் முன் வெள்ள எச்சரிக்கையையும் பாருங்கள். காரில் வருகிறவர்கள் ஊருக்குள் பார்க்கிங் தேடி அலையாமல், ஊரைச் சுற்றி உள்ள பார்க் அண்ட் ரைடில் வண்டியை விட்டு பஸ் பிடித்து வந்துவிடுங்கள்.