பிஸ்கட் எந்தக் காலேஜில் பி.ஆர்க். படித்தது?

கேள்வி: அப்பா தொடங்கிய ஆர்க்கிடெக்ட் ஆபீஸை இப்போது நானும் கணவரும் நடத்துகிறோம். எங்களையும் சேர்த்து ஆறு பேர். கூடவே பிஸ்கட் என்ற நாட்டு நாய், லின்டல் என்ற பூனை. அப்பா காலத்திலிருந்து இருக்கும் டிராஃப்ட்ஸ்மேன் மாமா இரண்டு மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தன் கையால் பொறை போட்டு வளர்த்த பிஸ்கட்டையே விரட்டுகிறார். இத்தனைக்கும் ஆபீஸ் இப்போதுதான் களைகட்டியிருக்கிறது. புது வெப்சைட்டில் எல்லோர் படத்தையும் போட்டோம். பிஸ்கட்டுக்கு 'மகிழ்ச்சித் துறை மேலாளர்' என்று பதவி கொடுத்ததைப் பலரும் ரசித்தார்கள். மாமா வெறும் ஐ.டி.ஐ. என்பதால் அவரைப் போடவில்லை. மனம் நோகாமல் அவரை வேலையிலிருந்து அனுப்புவது எப்படி?
- வாசகி, கோவை

பதில்: நோகடித்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, அம்மா. இனி நோகாமல் அனுப்ப என்ன இருக்கிறது?

'எல்லோர் படத்தையும் போட்டோம்' என்று எழுதிய அதே கை, அடுத்த வரியில் 'அவரைப் போடவில்லை' என்கிறது. உங்கள் எல்லோரில் நாய் உண்டு, பூனை உண்டு, மாமா இல்லை. காரணம், ஐ.டி.ஐ. சரி, பிஸ்கட் எந்தக் காலேஜில் ஐந்து வருஷம் பி.ஆர்க். படித்தது?

சட்டத்தைக் காட்டாதீர்கள். ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் 1972-ஆம் வருஷத்துச் சட்டம். படத்துக்குக் கீழே 'சீனியர் டிராஃப்ட்ஸ்மேன்' என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

அதென்ன 'வெறும்' ஐ.டி.ஐ.? கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட் வராத நாளில் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் கோடு இழுத்தவர்கள் அந்தப் படிப்புக்காரர்கள்தான். கோடு தப்பினால் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டி, மை ஊறாமல் அதே இடத்தில் மறுபடி இழுக்க வேண்டும். பரணில் பழைய டிராயிங் சுருள்கள் இருந்தால் ஒன்றை விரித்துப் பாருங்கள். வலது மூலை டைட்டில் பிளாக்கில், அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மாமாவின் இனிஷியல் இருக்கும். ஷீட்டுக்கு ஷீட் அப்பா அவருக்குக் கொடுத்த இடம் அது. நீங்கள் ஒரு பக்கத்தில்கூடக் கொடுக்கவில்லை. பாவம், அந்த நாய் என்ன செய்யும்? அவர் கோபம் அதன்மேல் இல்லை.

அப்பாவின் கிளையன்ட்டுகளை எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா? அவருடைய ஆளும் உங்கள் பொறுப்புதான். பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள்ளுங்கள், என் எண்ணம் அதுதான். வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டுவிட்டு, முறை செய்ய வேண்டிய இடத்தில் சர்டிஃபிகேட் கேட்பது என்ன பழக்கம்?

நாளைக்கே அவர் மேஜைக்கு நீங்கள் போங்கள். கணவரையோ இன்டர்னையோ அனுப்பாதீர்கள். "உங்களை விட்டது எங்கள் தப்பு மாமா, போட்டோ எடுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க பாப்பா" என்பார். விடாதீர்கள்.

அதன் பிறகும் அனுப்புவதுதான் முடிவு என்றால் ஆடிட்டரிடம் போகாதீர்கள். பத்துப் பேருக்குக் குறைந்த ஆபீஸில், வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி கட்டாயமில்லை என்று அவர் சொல்வார். சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. நீங்களே கணக்குப் போடுங்கள். கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷங்களால் பெருக்குங்கள். வரும் தொகைக்குச் செக் எழுதக் கை வரவில்லை என்றால், அனுப்பும் பேச்சையே எடுக்காதீர்கள்.